நாவலில் வரும் அப்பா

குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகத்தில் அவளுக்குப் புகாரக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. படிக்கட்டுக்குக் கீழே ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலுள்ள அத்தனை பேருடைய திட்டையும் வாங்கிக்கொள்வதுதான் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிக் கிடக்கிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். திட்டுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடம் பார்த்து, "தெருப் பேரு சொல்லுங்க" என்பாள். கோபம் பாதியில் அறுந்துபோய் அவரும் தெருப் பேரைச் சொல்வார். அதில் அவளை அடித்துக்கொள்ள அந்த அலுவலகத்தில் ஆளில்லை.

கணவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற மெக்கானிக். அங்கே அவரைப் பிரேக்காரர் என்பார்கள். பேச்சிலும் பிரேக் போட்டவர்தான். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார்; அந்த ஒன்றும் பெரும்பாலும் கிண்டலாக இருக்கும். வீட்டு முன்னறையில் அவளுடைய தம்பி தங்கியிருந்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் கதை எழுதுவது. சிறுபத்திரிகைகளில் சில வந்திருந்தன. படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று பிரேக்காரர் சொல்வார். "அதுல ஒரு விரல் நான்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே பெண். அந்தக் குட்டிக்கு வீட்டில் சட்டாம்பிள்ளை என்று பெயர். செருப்பை ஏன் தாறுமாறாக விட்டாய் என்று அப்பாவை அதட்டுவாள். அம்மா போனில் சிடுசிடுத்தால், "ஆபீஸ்ல மட்டும் நல்லா பேசுற" என்பாள். மாமாவின் அறைக்குள் போய், "எழுதினது போதும், கண்ணு கெட்டுப்போயிடும்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். எட்டு வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள்.

அது நடந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். காய்ச்சல் கண்ட அன்றே தெருமுனை டாக்டரிடம் காட்டினார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். விடவில்லை என்று மறுபடி போனார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் குழந்தை சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்ததும், பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பிரேக்காரர் கிரீஸ் படிந்த சட்டையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தம்பி பின்னாலேயே ஓடி ஆட்டோ பிடித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, முந்தியே வந்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்றார்கள். அவ்வளவுதான். யார் மேலும் விரல் நீட்ட முடியாத சாவு அது. அழுவதற்கு இடமுண்டு, திட்டுவதற்கு ஆளில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், சிரித்துத்தான் என்று சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு அது விபரீதமாகப் படும் என்பதால் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆரம்பத்தில் சில மாதங்கள் வீடு வாயடைத்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள் பிரேக்காரர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தவர், திரும்பிப்போய் வரிசையாக வைத்தார். "சட்டாம்பிள்ள பாத்தா தோல உரிச்சிடுவா" என்றார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் அது ஒரு பழக்கமாயிற்று. சட்டாம்பிள்ளை என்ன சொல்லியிருப்பாள், இந்தச் சட்டையைப் போட விட்டிருப்பாளா, இந்நேரம் எந்த டீச்சரோடு மல்லுக்கு நின்றிருப்பாள் என்று சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள். குழந்தை வீட்டில் நடமாடிக்கொண்டுதான் இருந்தாள் என்றே சொல்லலாம்.

தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனான். வருடங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் புத்தகத்தோடு வந்தான். தடிமனான நாவல். அக்காவின் மடியில் வைத்தான்.

"உனக்காகத்தான் எழுதினேன் அக்கா. படிச்சிட்டுச் சொல்லு."

அட்டையில் ஒரு சின்ன கவுன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பிரேக்காரர் கேட்டதற்கு, "மெதுவா படிச்சுக்கலாம்" என்றாள்.

அவள் மெதுவாகப் படிக்கலாம் என்று இருந்தபோது ஊர் வேகமாகப் படித்துவிட்டது. யாரோ ஒரு பிரபலம் கூட்டத்தில் அழுதுகொண்டே பேசிய காணொளி பரவியதாம். பதிப்பு மேல் பதிப்பு வந்தது. தம்பியைப் பேட்டி எடுத்தார்கள். "இது என் அக்காவோட கதை. அவங்க இன்னிக்கும் குடிநீர் வாரியத்துல புகார் எடுத்துட்டு இருக்காங்க" என்று அவன் நா தழுதழுக்கச் சொல்லிவிட்டான். அடுத்த நாளிலிருந்து தொலைபேசியில் வந்தது தண்ணீர்ப் பிரச்சினை மட்டுமல்ல.

"தெருப் பேரு சொல்லுங்க."

"அம்மா, நான் தண்ணிக்காகக் கூப்பிடல. நீங்கதானே அந்த அம்மா?"

முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. எதிர்முனையில் இருந்த பெண் தேம்பித் தேம்பி அழுதாள். "எப்படிம்மா அந்த ஆளோட இன்னும் ஒரே வீட்ல இருக்கீங்க?" என்றாள். புகாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பில் பிரிவில் இருந்த பெண்தான் அதற்கு விளக்கம் சொன்னாள். அவள் நாவலை இரண்டு முறை படித்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொன்னதே இல்லையேக்கா. சாயந்தரமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு நீங்க கெஞ்சியிருக்கீங்க. அவருதான் பாயில புரண்டு படுத்துக்கிட்டு, 'காலையில பாத்துக்கலாம்'னு சொல்லிட்டாராமே. பெத்த மனசு எப்படித் துடிச்சிருக்கும்!"

புகாரக்கா எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்குப் போனதும் புடவைகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் கொடுமை. சட்டாம்பிள்ளை முதல் பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். செருப்பு வரிசை, அணைக்கப்பட்ட விளக்கு, எல்லாம் அப்படியே இருந்தன. அம்மாவாக வந்தது புகாரக்காதான், அவள் எந்நாளும் இருந்திராத அளவு பொறுமையும் அழகுமாக. அப்பா மட்டும் வேறு ஆள். குடிக்கவில்லை, அடிக்கவில்லை; அப்படி இருந்தாலாவது பொய் என்று யாருக்கும் தெரிந்துபோயிருக்கும். பிரேக்காரரைப் போலவே கிரீஸ் சட்டை போட்ட, அவரைப் போலவே குறைவாகப் பேசுகிற ஒருவர். குழந்தை கொதித்துக் கிடக்கும்போது அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். குழந்தை போனபின் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வேலைக்குப் போகிறார். அவள் ஆஸ்பத்திரிப் பகுதி வரை படித்துவிட்டு மூடினாள்.

பிரேக்காரருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பணிமனையில் டீ குடிக்கிற இடத்தில் ஒரு டிரைவர் சொல்லியிருக்கிறான். "உங்க மச்சான் உங்கள நார் நாரா கிழிச்சிருக்காரு போல" என்றானாம்.

"கத எழுதுறவன் நாலும் எழுதுவான், விடு" என்றார் அவர். "என்னைக் கொஞ்சம் செவப்பா எழுதியிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை.

தம்பி வாசகர் கடிதங்களைப் பையில் போட்டு எடுத்துவந்து தருவான். அக்கா படித்தால் ஆறுதலாக இருக்கும் என்று அவன் உண்மையாகவே நம்பினான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தான் கண்ணீர் விட்ட பக்கங்களின் எண்களைக் குறித்து அனுப்பியிருந்தார். ஒரு கல்லூரிப் பெண், அந்த அப்பன் கையில் கிடைத்தால் செருப்பாலேயே அடிப்பேன் என்று எழுதியிருந்தாள். தாய் அத்தனை சீக்கிரம் அலுவலகத்துக்குத் திரும்பியது இயல்பாக இல்லை, எந்தத் தாயும் அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒருவர் கருத்துச் சொல்லியிருந்தார். இன்னொருவர் நாவலின் கட்டமைப்பை அலசியிருந்தார்: குழந்தை இன்னும் கொஞ்சம் பிந்திச் செத்திருந்தால் தாக்கம் கூடியிருக்கும்.

அந்தக் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தி. அதைத்தானே அவளும் கேட்டாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரிடம் என்று தெரியாமல்.

ஒரு விடுமுறை நாளில் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். கையில் பூங்கொத்து. பிரேக்காரர்தான் கதவைத் திறந்தார். வெயிலில் வந்திருக்கிறார்கள் என்று உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டு, இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். புகாரக்கா குளித்துவிட்டு வரும்வரை எதிரில் நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களில் இளையவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிரப் பேசவில்லை. புகாரக்கா வந்ததும் இருவரும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் உள்ளே போய்விட்டார். அவர்கள் போனபின் பார்த்தால் தம்ளர்கள் இரண்டும் விளிம்பு வரை அப்படியே இருந்தன. நா வறண்டு வந்தவர்கள், அவர் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

பிரேக்காரர் அதைச் செடிக்கு ஊற்றினார். அவளுக்குத்தான் நெஞ்சு பற்றி எரிந்தது. அன்றே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"அவரு எப்படா அப்படிச் சொன்னாரு?"

தம்பி பதறிப்போனான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "சொல்லலதான் அக்கா. சொன்னாருன்னு யாரு சொன்னா? இது நாவல்."

"பேட்டியில மட்டும் எங்க அக்கா கதைன்னு சொல்ற?"

"நீ உக்காரு. நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு. முதல்ல உள்ளது உள்ளபடியேதான் எழுதினேன். டாக்டர்கிட்ட போனாங்க, மருந்து குடுத்தாங்க, அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் செத்துப்போச்சு. படிச்சவங்க எல்லாரும் கேட்டாங்க, சரி, ஆனா ஏன் செத்துச்சுன்னு. காரணமே இல்லாம ஒரு குழந்த செத்துப்போச்சுன்னு எழுதினா யாராலயும் தாங்க முடியல அக்கா. யாரையாவது கையக் காட்டணும்."

"அதுக்கு அவருதான் கெடச்சாரா?"

"உன்னையா காட்ட முடியும்?" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "மாமா பெரிய மனசுக்காரரு. அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு."

அவள் எழுந்துகொண்டாள். வாசல் வரை வந்த தம்பி, அடுத்த வாரம் நூலகத்தில் வாசகர் கூட்டம் இருக்கிறது, நீ வந்தால் நன்றாக இருக்கும் என்றான். எந்தத் துணிச்சலில் அவன் அப்போது அதைக் கேட்டான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நூலகத்தின் மாடிக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஒரு பல் டாக்டர் அம்மாள் கூட்டத்தை நடத்தினார். ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். ஒருவர் அப்பா பாத்திரத்தை ஆணாதிக்கத்தின் குறியீடு என்றார். மற்றொருவர், குறியீடெல்லாம் இல்லை, நம் ஒவ்வொரு வீட்டிலும் பாயில் புரண்டு படுத்திருக்கிறான் என்றார். கூட்டம் சிரித்தது. புகாரக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். அலுவலகத்துக் குரல் வந்து கைகொடுத்தது.

"அந்தப் பொண்ணோட அம்மா நான். நான் ஒண்ணு சொல்லணும். அவங்கப்பா அந்த மாதிரி சொல்லவே இல்ல. கேட்டதும் தூக்கிட்டு ஓடினாரு. செருப்புகூடப் போடல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பல் டாக்டர் அம்மாள் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்துவந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார், குரல் உடைந்து. "நாவல்ல வர்ற அம்மாவும் இப்படித்தானே, கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கல. உங்க மாதிரி மனசு யாருக்கு வரும்!"

கைதட்டல் எழுந்தது. பலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

"இல்லைங்க, நான் நெஜத்தச் சொல்றேன்" என்றாள் அவள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. வெளியே வரும்போது படிக்கட்டில் ஒரு வயதானவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். தணிந்த குரலில், "வீட்ல அவரு மெரட்டி அனுப்பினாராம்மா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவள், தன் புகாரை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் மரக்கடைக்காரர் வந்தார்.

ஊருக்கு வெளியே மரமும் பலகையும் விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவர். புகாரக்காவின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். தேம்பவில்லை, பாராட்டவில்லை. "உங்க வீட்டுக்காரரப் பாக்கணும்மா" என்றார். எதற்கு என்று கேட்டாள். "நெஜமாவே நான் சொன்னேம்மா. காலையில பாத்துக்கலாம்னு. பையன் வயித்து வலின்னு துடிச்சான், நான் அஜீரணம்னு நெனச்சேன்" என்றார்.

வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் வந்தார். பெரிய உடம்பு, தோளில் மரத்தூள். வீட்டுக்குள் வர மறுத்து வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பிரேக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். புகாரக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள், ஜன்னல் திறந்திருந்தது.

"என் வீட்ல அந்தப் புத்தகத்தப் படிச்சாங்க" என்றார் மரக்கடைக்காரர். "படிச்சிட்டு ஒண்ணும் பேசல. அந்த இடத்துல அடையாளம் வெச்சு, என் தலமாட்டுல வெச்சுட்டு, அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. பையன் போயி பல வருஷம் ஆச்சுங்க. அதுவரைக்கும் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல."

பிரேக்காரர் அவர் தோளிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். நீங்க அதுக்கப்புறம் எப்படி இருக்கீங்க? எப்படி எழுந்து வேலைக்குப் போறீங்க? எனக்கு உலகத்துலயே உங்களத் தவிரக் கேக்க ஆளில்லைங்க."

டீ பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவள் நின்றாள். இல்லை, நான் சொல்லவில்லை, அது கதை என்று அவர் இப்போது சொல்லிவிடுவார். சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு ஆளாவது நம்புவார்.

"ஆமாங்க" என்றது பிரேக்காரரின் குரல். "நானும் சொன்னேன். என்ன பண்றது, நமக்கென்ன ஜோசியமா தெரியும்? மொதல்ல ஒரு வேலையக் கையில எடுத்துக்குவேன். அது முடியற வரைக்கும் பொழுது போயிடும். அப்புறம் அடுத்த வேல."

மரக்கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிரேக்காரர் அவர் முதுகில் கைவைத்திருந்தார். டீயைக் குடித்துவிட்டு அவர் கிளம்பும்போது ஆள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தார்.

அவர் தலை மறைந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க? நான் ஊர் முழுக்க இல்லைன்னு கத்திட்டிருக்கேன்."

"அந்த ஆளுக்கு ஒரு கூட்டாளி வேணும். நான் இல்லைன்னா அவன் ஒத்த ஆளா நிப்பான்." செருப்பை வரிசையாக வைத்தார். "எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? ஏற்கெனவே ஊரே சொல்லுது."

அவருக்குக் குறைந்துதான் போயிற்று. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது மரக்கடைக்காரர் வருவார், இருவரும் படியில் உட்கார்ந்து பேசுவார்கள். அவருக்காகப் பிரேக்காரர் அந்தப் பொய்யை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன், குழந்தை எப்படி முனகினாள் என்றெல்லாம். ஜன்னல் வழியாக அதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது. காது கேட்டதை மனசு எடுத்துவைத்துக்கொள்கிறது. எங்கே எடுத்துவைக்கிறது என்று நம்மிடம் சொல்வதில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் நின்றுபோயிற்று. தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. அன்று அலுவலகத்திலும் ஒருவன் அவளை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தான். பிரேக்காரர் இரட்டை ஷிப்ட் வேலை முடித்து வந்து அக்கடா என்று சாய்ந்திருந்தார்.

"கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

"உடம்பெல்லாம் வலிக்குது. காலையில பாத்துக்கலாம்."

புத்தகம் வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. அன்று அசதியில் வந்துவிட்டது. அவளுக்குக் கண் இருண்டது.

"அன்னிக்கும் இதத்தானே சொன்னீங்க! காலையில பாத்துக்கலாம், காலையில பாத்துக்கலாம்னு. அப்பவே தூக்கிட்டுப் போயிருந்தா என் பொண்ணு எனக்கு இருந்திருப்பா!"

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். வானம் இடிந்து விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்தார். நெற்றியைச் சுருக்கி, தொலைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேனா?" என்றார்.

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இல்லைங்க. நீங்க சொல்லல. நான் ஏதோ புத்தி கெட்டு…"

"இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு இல்ல. மொத நாளு. அதுக்கு மொத நாளு ஏதாவது சொன்னேனா?"

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, இல்லை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் முதல் நாள் மாலையை நினைவில் கொண்டுவரப் பார்த்தபோது அவளுக்கு வந்தது தம்பி எழுதிய பக்கம்தான். பாய், புரண்டு படுக்கிற முதுகு, கொடியில் கவுன். அவர்கள் வீட்டில் பாயே கிடையாது, கட்டில்தான். அது தெரிந்தும் பாய்தான் வந்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் கேட்பதற்கு அந்த வீட்டில் கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். "நீ ஒருத்தன்தான்டா சாட்சி. யோசிச்சுச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு அவரு அந்த மாதிரி ஏதாவது சொன்னாரா?"

"எனக்கே இப்ப பிரிக்க முடியல அக்கா" என்றான் தம்பி. "எத்தன தடவ திருத்தி எழுதினேன். எது நடந்தது, எது நான் எழுதினதுன்னு… சொல்லியிருக்க மாட்டாருன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

அடுத்த தொலைபேசி அடித்தது. எடுத்து, தெருப் பேரு சொல்லுங்க என்றாள்.

நாவலுக்குப் பெரிய பரிசு கிடைத்தது. தம்பி ஏற்புரையில் மன்னிப்பைத் தன் அக்காவிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னான் என்று பில் பிரிவுப் பெண் வந்து சொன்னாள். புகாரக்கா விழாவுக்குப் போகவில்லை. பிரேக்காரர் பணிமனையில் இரட்டை வேலையை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து உட்காருவது குறைந்தது. உட்கார்ந்தாலும் சட்டாம்பிள்ளை பற்றிப் பேச்சு வருவதில்லை. யாராவது ஒருவர் எடுப்பார், மற்றவர் "ம்" என்பார், அதோடு சரி. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று விளையாடுவதற்கு இருவருக்கும் பயமாக இருந்தது. அந்தக் குழந்தை வாயைத் திறந்தால் எதைக் கேட்பாளோ.

பரிசு வாங்கிய பிறகு தம்பி ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு வந்தான். பிரேக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். சினிமாக்காரர்கள் கதையைக் கேட்கிறார்கள், மாமாவை ஒரு தடவை சந்திக்க ஆசைப்படுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீ இனிமே இங்க வராத" என்றாள் அவள்.

"அக்கா!"

"கத்தாத. குளிச்சுட்டு இருக்காரு."

"நீ முழுசாப் படிச்சியா, அத மொதல்ல சொல்லு" என்றான். "நீ பாதியில நிறுத்திட்டன்னு எனக்குத் தெரியும். கடைசி அத்தியாயத்தப் படி. அந்த அம்மா அவர மன்னிச்சுடறா அக்கா. அதுக்காகத்தான் நான் அந்த நாவலையே எழுதினேன். அவர மன்னிச்சுடறா."

"எதுக்குடா மன்னிக்கணும்? அவரு என்ன செஞ்சாரு?"

அவன் இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையில் வைத்தான், பிறகு கையில் எடுத்தான், மறுபடி வைத்தான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. வெளிக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

பிரேக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்ள குரல் கேட்டுச்சே?"

"போயிட்டான்."

"ஏன், சாப்பிட்டுப் போகச் சொல்லலையா?"

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். அவர் இனிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அன்றைக்கு வேலை இல்லாவிட்டாலும் பணிமனை வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.